ஆறடி எட்டங்குலத்தில் ஒரு கோடு

புளியங்கூடலில் எங்கள் பழைய வீட்டின் தலைவாசல் நிலை ஐந்தடி பத்தங்குலம். வருகிறவர் யாராயினும் தலை குனிந்துதான் உள்ளே வரவேண்டும் என்று அப்பு காலத்தில் அப்படிக் கட்டினார்கள். அந்த நிலைக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து அளந்து சரியாக ஆறடி எட்டங்குலத்தில் ஒரு கோடு இருக்கிறது. 1974இல் நான் ஆசிரியராகி முதற் சம்பளம் எடுத்த கிழமை அதைக் கரிக்கட்டியால் கீறினேன். தொண்ணூறில் யுத்தத்தால் எங்கள் தீவு முழுக்க இடம்பெயர்ந்தபோது வீட்டையும் கோட்டையும் விட்டுவிட்டுத்தான் போனோம். பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், கூரை இல்லை, கதவு இல்லை, நிலையைக்கூட யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். சுவர் நின்றது. மழை கரியைக் கழுவியிருந்தது. யன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ரால் மறுபடி அளந்து கீறினேன். இப்போது இருப்பது அந்தப் பச்சைக் கோடு.

வீட்டுக்கு வரும் பிள்ளைகளை அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கச் சொல்வேன். கையை உயர்த்தித் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு கேட்பேன்: "இந்த உயரத்திலை ஒரு தடியை வைச்சு, அதிலை முட்டாமல் அந்தப் பக்கம் விழவேணும். ஏலுமோ?" சிரிப்பார்கள். "ஆராலை சேர் ஏலும்?" என்பார்கள். ஒரு யாழ்ப்பாணப் பெடியன் 1958இல் அதைச் செய்தான் என்று அப்போதுதான் சொல்வேன்.

அந்தப் பெடியன் பெயர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934 ஆகஸ்ட் 24இல் பிறந்தவர். ஊர் பெரியவிளான். எங்கள் பக்கத்திலிருந்து போவதென்றால் ஊர்காவற்றுறையில் பாதை ஏறிக் காரைநகரில் இறங்கி, பொன்னாலைப் பாலம் கடந்து, மூளாய், சுழிபுரம் தாண்டி வலிகாமத்துக்குள் போகவேண்டும். இளவாலைப் பக்கத்துச் சிறிய கிராமம். படித்தது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கப் பதக்கம் அவருடையது. தமிழர் வென்ற முதல் தங்கம் என்று சிலர் சுருக்கிச் சொல்வார்கள். அது குறைத்துச் சொல்வது. அந்த நாட்டுக்கே அதுதான் முதல் தங்கம்.

அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்லவேண்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது. தீவுப்பகுதியாருக்குக் கடை என்பது இரண்டாவது வீடு. வேலணை, புங்குடுதீவு, எங்கள் ஊர் என்று எங்கே பார்த்தாலும், வீட்டுக்கு ஒருவராவது தென்னிலங்கையில் கடை வைத்திருப்பார் அல்லது கடையில் நிற்பார். என் சின்னையாவும் பதினான்கு வயதில் போனவர். எடுபிடியாகத் தொடங்கி, கல்லாவில் உட்கார்ந்து, கடைசியில் ஒரு பங்குக்காரராகவும் ஆனார். சித்திரை வருடப் பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். வரும்போது பிஸ்கற் பெட்டியும் சீத்தைத் துணியும் வரும்.

1958 மே மாதக் கடைசியில் தோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. மே 24 தொடக்கம் யூன் 1 வரை. அதே நாட்களில்தான் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. மே 27இல் அவசரகாலச் சட்டம் வந்தது. கொழும்பில் அகதியாய் நின்ற தமிழரைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். சின்னையா அப்படி ஒரு கப்பலில்தான் வந்து சேர்ந்தார். கையில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான். காங்கேசன்துறையிலிருந்து யார் யாரோ வண்டியில் ஏற்றிவிட, பண்ணைப் பாலம் வழியாக ஊருக்கு வந்தார். ஆச்சி அவரைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

அன்று இரவு திண்ணையில் ஐயாவும் சின்னையாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். கடை எரிந்த கதையைச் சொல்லிவிட்டுச் சின்னையா கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "கடையும் போச்சு அண்ணை, முதலும் போச்சு. ஆனா எங்கட பெடியன் ஒருத்தன் யப்பானிலை எல்லாரையும் பாய்ஞ்சு போட்டான். முழு ஆசியாவையும்." கப்பலில் யாரிடமோ கேட்டறிந்த செய்தி. கப்பல் முழுக்க அதைப் பேசினார்களாம். கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள்.

அன்று எனக்குப் புரிந்தது "பாய்ஞ்சு போட்டான்" என்ற சொல் மட்டும். அடுத்த நாள் விடிய எழும்பி வளவில் இருந்த இரண்டு பூவரசங் கதியாலுக்கு நடுவில் ஒரு தடியைக் கட்டிவிட்டுப் பாய்ந்தேன். கதியால் சரிந்தது. ஐயாவிடம் அடி வாங்கினேன். என் விளையாட்டு வாழ்க்கை அன்று தொடங்கியது.

தோக்கியோவில் எதிர்வீரசிங்கம் பாய்ந்த உயரம் 2.03 மீற்றர், ஆறடி எட்டங்குலம். அது ஆசிய விளையாட்டுப் போட்டிச் சாதனை. அதே போட்டியில்தான் இந்தியாவின் மில்கா சிங் 200 மீற்றரிலும் 400 மீற்றரிலும் தங்கம் எடுத்தார். மில்கா சிங்கை எங்கள் பிள்ளைகள் சினிமாவில் பார்த்திருக்கிறார்கள், பெயர் சொன்னால் தெரியும். எதிர்வீரசிங்கத்தின் பெயரைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் முழிக்கிறார்கள். இது எனக்கு நெடுநாளாக நெஞ்சில் கிடக்கும் முள்.

ஆறடி எட்டங்குலம் அந்தக் காலத்தில் என்ன உயரம் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். இப்போது விழுவதற்கு வீட்டு மெத்தையைப் போல் நாலு மடங்கு தடித்த பஞ்சு மெத்தை இருக்கிறது. முதுகைக் காட்டிப் பின்புறமாகப் பாய்ந்து கழுத்தும் தோளும் பட விழலாம். அந்தப் பாய்ச்சலை 1968இல் மெக்சிக்கோவில் டிக் பொஸ்பெரி உலகத்துக்குக் காட்டினார். அதற்கு முன் விழும் இடம் மணல், அல்லது மரத்தூள். மணலில் முதுகு அடிபட விழுந்தால் எழும்ப முடியாது. அதனால் காலில்தான் இறங்கவேண்டும், அல்லது கையும் காலும் ஊன்றி உருளவேண்டும். கத்தரிக்கோல் மாதிரி ஒரு காலை முதலில் வீசி மற்றக் காலைப் பின்னால் கொண்டுவருவது ஒரு முறை. தடியின்மேல் வயிறு கிடக்கிற மாதிரி உருண்டு மறுபக்கம் இறங்குவது இன்னொரு முறை. இரண்டிலும் உடம்பு முழுவதும் தடிக்கு மேலால் தூக்கப்படவேண்டும். நான் பிள்ளைகளுக்குப் பழக்கியதும் இந்த இரண்டையும்தான். எங்களிடம் இருந்ததும் மணல்தான்.

உலக அளவில் பார்த்தாலும் அந்த உயரம் சிறிதில்லை. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் வோல்ட் டேவிஸ் தங்கம் வென்ற உயரம் 2.04 மீற்றர். சிறுவயதில் போலியோ வந்து நடக்க முடியாமல் கிடந்த மனிதர் அவர். அவருடைய ஒலிம்பிக் தங்கத்துக்கும் எங்கள் பெடியனின் ஆசியத் தங்கத்துக்கும் இடையில் ஒரே ஒரு சென்ரிமீற்றர். ஒரு சின்னிவிரலின் அகலம். ஆனால் 1956இல் கலிபோர்னியாவின் கறுப்பின மாணவர் சார்ல்ஸ் டூமாஸ் ஏழடியைத் தாண்டிவிட்டார். உலகத்தில் முதன்முதலில் ஏழடியைத் தாண்டியவர் அவர்தான். அந்த ஆண்டு மெல்பேர்ணில் ஒலிம்பிக் தங்கமும் எடுத்தார். அந்த மெல்பேர்ண் போட்டியிலும் எதிர்வீரசிங்கம் இலங்கைக்காகப் பாய்ந்தார்.

ஹெல்சிங்கியில் அவர் பாய்ந்தபோது வயது பதினேழு. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு இன்னும் சில கிழமைகள் இருந்தன. பெரியவிளானிலிருந்து ஹெல்சிங்கி! செக் நாட்டு எமில் சாட்டோபெக் 5000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் மூன்றிலும் தங்கம் எடுத்த அதே மைதானத்தில் ஒரு யாழ்ப்பாணப் பள்ளி மாணவன். பதக்கம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால்தான் பெரிதென்று நான் நினைக்கவில்லை. அந்த வயதில் அந்த மைதானத்தில் நின்றுவிட்டு வந்தவனுக்கு அதன் பிறகு எந்த மைதானமும் அந்நியமாக இருந்திருக்காது.

இப்படி ஒரு பிள்ளை எங்கிருந்து வந்தது என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த விடை மிகச் சாதாரணமானது. பள்ளிக்கூட மைதானத்திலிருந்து வந்தது.

எங்கள் ஊர்களில் உடம்பு வலுவைக் காட்டும் வழக்கம் பழையது. கிளித்தட்டு, கிட்டிப்புள், சித்திரையில் போர்த்தேங்காய், வலிகாமத்தில் மாட்டுவண்டிச் சவாரி. ஆனால் இவை எல்லாம் ஆளோடு ஆள் மோதுவது. யாழ்ப்பாணத்தில் ஒருவன் எவ்வளவு உயரம் பாய்ந்தான் என்று அளவுகோல் வைத்து அளந்து, அடுத்த வருடம் அதை இன்னொருவன் முறியடிக்கிற பழக்கம் பள்ளிக்கூடங்களோடு வளர்ந்தது. 1816இல் மெதடிஸ்த மிசனரிமார் தொடங்கிய மத்திய கல்லூரி அவற்றுள் மூத்தது. எங்கள் தீவார் பண்ணைப் பாலத்தால் போய் யாழ்ப்பாணத்துக்குள் நுழையும்போது முதலில் வருவது கோட்டை, முற்றவெளி, பிறகு மத்திய கல்லூரி. சின்ன வயதில் பஸ்ஸின் யன்னலால் எட்டிப் பார்த்து, "அவன் பாய்ஞ்ச இடம் எது?" என்று ஐயாவைக் கேட்டு நச்சரிப்பேன்.

மற்றப் பள்ளிக்கூடங்களும் பிறகு அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டன. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு நாற்பதுகளில் மத்திய பாடசாலைகள் வந்தபோது தீவகத்துக்கு வேலணை மத்திய கல்லூரி கிடைத்தது. ஊர்காவற்றுறையில் அந்தோனியார் கல்லூரி ஏற்கெனவே இருந்தது. பக்கத்துக் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள் உலகம் முழுக்கத் தமிழைக் கொண்டுபோன காலமும் அதையடுத்துத்தான் வருகிறது. சிறிய ஊர் பெரிய உலகத்துக்கு ஆள் அனுப்பிய காலம் அது. பள்ளிக்கூடம்தான் அதற்குப் பாலம்.

தை, மாசி வந்தால் இல்ல மெய்வல்லுநர் போட்டி. இதைப் பற்றி எழுதாமல் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத முடியாது. மூன்று நான்கு இல்லங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பனங்குருத்தாலும் தென்னோலையாலும் இல்லச் சோடனை. அணிநடைக்கு இரண்டு கிழமை வெயிலில் காய்வார்கள். ஓடி வந்து விழுகிற பிள்ளைக்குத் தோடம்பழச் சுளையும் குளுக்கோசும். வெற்றி மேடைக்கு மேசையைப் பெட்டிக்கு மேல் அடுக்கி வெள்ளை வேட்டி சுற்றுவோம். கடைசியில் கயிறிழுத்தல், பழைய மாணவர் ஓட்டம். ஊரே வேலிக்கு வெளியே நின்று பார்க்கும். ஆனால் உயரம் பாய்தல் இந்த ஆரவாரம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பே, பின்னேர வெயிலில், நாலைந்து பேர் மட்டும் பார்க்க நடந்து முடிந்துவிடும். நேரம் எடுக்கும் போட்டி என்பதால் அப்படி. அந்த அமைதிதான் எனக்குப் பிடித்தது. ஒருவன் ஓடி வருகிறான், மிதிக்கிறான், எழும்புகிறான். தடி ஆடுகிறது. விழுமா, நிற்குமா? எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

எதிர்வீரசிங்கம் இங்கே படித்துவிட்டு லொஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கப் போனார். ஐம்பதுகளின் பிற்பகுதி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பருக்கு வேறு பள்ளிக்கூடம், வேறு பஸ் இருக்கை என்றிருந்த காலம். பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் எடுத்த ஜெசி ஓவன்ஸே தன் பல்கலைக்கழக விடுதியில் தங்க முடியாமல் வெளியே தங்கிப் படித்தவர். லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகம் சற்று முன்னே நின்றது. ஐக்கிய நாடுகள் சபையின் பணியில் இருந்து சமாதானத்துக்கு நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பன்ச் அங்கே படித்தவர். பேஸ்போலில் நிறத்தடையை உடைத்த ஜக்கி ரொபின்சன் அங்கே நான்கு விளையாட்டுகளில் ஆடியவர். எதிர்வீரசிங்கம் அங்கே படித்த காலத்தில் அந்தத் தடகளத்தில் பெரிய பெயர் றேபர் ஜோன்சன்.

றேபர் ஜோன்சனின் கதையை நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் வெளியே நடந்தேன். அவர் பிறந்தது 1934 ஆகஸ்ட் 18. எதிர்வீரசிங்கத்துக்கு ஆறு நாள் மூத்தவர். ரெக்சாஸில் பிறந்து, குடும்பத்தோடு கலிபோர்னியாவின் கிங்ஸ்பேர்க் என்ற சிறிய ஊருக்கு வந்தவர். முந்திரிகைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். சுவீடன் நாட்டிலிருந்து வந்து குடியேறிய வெள்ளையர் ஊர். ஒரு காலத்தில் அந்த ஊரில் இருந்த ஒரே கறுப்புக் குடும்பம் அவருடையது. சிறுவயதில் இயந்திரப் பட்டியில் சிக்கி அவருடைய கால் சிதைந்தது. அந்தக் காலோடுதான் பிறகு உலகத்தை வென்றார்.

1952 கோடையில் அவருடைய பள்ளிக்கூடப் பயிற்றுநர் மேர்ல் டொட்சன் அவரைக் காரில் ஏற்றி, ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் தூரத்தில் இருந்த துலாரே என்ற ஊருக்குக் கொண்டுபோனார். அங்கே பொப் மத்தயாஸ் என்ற வீரர் பத்து அம்சப் போட்டியில் பங்கேற்றார். ஓட்டம், பாய்ச்சல், எறிதல் என்று பத்து நிகழ்ச்சிகளை இரண்டு நாளில் செய்து முடிக்கிற போட்டி அது. பார்த்துக்கொண்டிருந்த பதினேழு வயது ஜோன்சனுக்கு, இவர்களில் அனேகம் பேரை நான் வெல்லலாமே என்று தோன்றியது. மத்தயாஸ் அங்கிருந்து ஹெல்சிங்கிக்குப் போய் ஒலிம்பிக் தங்கம் எடுத்தார். அதே ஹெல்சிங்கியில் நின்றான் எங்கள் பதினேழு வயதுப் பெடியன். ஒருவன் பார்வையாளர் வரிசையில், ஒருவன் மைதானத்தில். இரண்டு பேரையும் ஒரே பல்கலைக்கழகம் பிறகு சேர்த்து வைத்தது.

ஜோன்சன் 1955இல் பத்து அம்சப் போட்டியின் உலக சாதனையை முறியடித்தார். எங்கே தெரியுமா? தன் சொந்த ஊர் கிங்ஸ்பேர்க்கில். மெல்பேர்ணில் வெள்ளி எடுத்தார். பல்கலைக்கழகத்தின் மாணவர் தலைவராகத் தேர்தலில் வென்றார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைத் தூக்கிச் சென்ற முதல் கறுப்பர் அவர். அந்தப் போட்டியில் அவருக்கு எதிராக நின்றவர் தாய்வானைச் சேர்ந்த யாங் சுவான்-குவாங். அவரும் அதே பல்கலைக்கழகத்து மாணவர், அதே டக்கி டிரேக் என்ற பயிற்றுநரின் பிள்ளை. கடைசி ஓட்டமான 1500 மீற்றருக்கு முன் இருவரும் தனித்தனியே வந்து கேட்க, இருவருக்கும் வெல்லும் வழியைப் பயிற்றுநர் நேர்மையாகச் சொல்லிக் கொடுத்தார். ஜோன்சன் 58 புள்ளியால் தங்கம் எடுத்தார். ஒரு ஆசிரியனாக இந்த டிரேக் என்ற மனிதரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மனதோடு வழி சொல்வது லேசான காரியம் இல்லை. நான் இரண்டு இல்லப் பிள்ளைகளுக்கு உயரம் பாய்தல் பழக்கிய ஆள். அந்தக் கஷ்டம் தெரியும்.

கிங்ஸ்பேர்க்கார் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு றேபர் ஜோன்சனின் பெயரை வைத்தார்கள். ஒரே கறுப்புக் குடும்பமாக இருந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் அந்த ஊர்ப் பிள்ளைகளின் சீருடையிலும் கொப்பியிலும் ஏறியது. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தீபத்தை ஏற்றியவரும் அவர்தான். 2020 டிசெம்பரில் காலமானார்.

எதிர்வீரசிங்கம் 1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் வெள்ளி எடுத்தார். பிறகு கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆபிரிக்காவில் சியரா லியோன், நைஜீரியா என்று போய்க் கற்பித்தார். வயதான காலத்தில், இங்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதும் அதன்பிறகும், வடக்கு கிழக்கில் கல்விக்கும் புனர்வாழ்வுக்கும் உழைக்கத் திரும்பி வந்தார். போகிறவர்கள் திரும்பி வராத காலத்தில் வந்தவர். 2024 ஏப்ரலில், 89 வயதில் காலமானார்.

அவரை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் முப்பத்தைந்து வருடம் அவருடைய கோட்டுக்குக் கீழேதான் வேலை செய்தேன்.

நான் படிப்பித்த தீவுப்பகுதிப் பள்ளிக்கூடங்களில் உயரம் பாய்தலுக்குக் கம்பங்களை ஊர்த் தச்சர் பனைமரத்தில் செய்து தருவார். இரண்டங்குலத்துக்கு ஒரு ஆணி. குறுக்குத் தடி மூங்கில். நல்ல நேரான மூங்கில் கிடைக்காவிட்டால் பூவரசந் தடியைச் சீவி வைப்போம். மணலுக்குக் கடற்கரை. பெரிய வகுப்புப் பெடியள் இரண்டு சனிக்கிழமை வண்டியில் ஏற்றி வந்து கொட்டினால் குழி நிறையும். கடல் மணலில் சிப்பி இருக்கும், கால் வெட்டும். அதனால் அரிதட்டில் அரித்துத்தான் கொட்டவேண்டும். பொம்பிளைப் பிள்ளைகள் சுளகோடு வந்து சிப்பி பொறுக்குவார்கள். அப்படிச் சிப்பி பொறுக்க வந்த ஒரு பிள்ளை, எட்டாம் வகுப்பு, ஒரு பின்னேரம் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தாள். நான் கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டேன். நாலடி. எந்தப் பயிற்சியும் இல்லாமல், வெறுங்காலோடு. அடுத்த வருடம் வட்டாரப் போட்டிக்கு அவளைக் கூட்டிப் போனேன், வென்றாள். அதற்கு அடுத்த வருடம் இடம்பெயர்வு. அவள் இப்போது வெளிநாட்டில். போன வருடம் போனில் கேட்டாள்: "சேர், அந்தக் குழி இன்னும் கிடக்கோ?"

கிடக்கவில்லை. எருக்கலை முளைத்துக் கிடக்கிறது.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. எங்கள் தீவில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதே பெரும்பாடு. வீட்டுக்கு வீடு பூட்டு. பின்னேரம் ரியூசன். இதையெல்லாம் நான் அறிவேன். ஆனாலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் காலும் உயரமும் போய்விடவில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை மறுபடி மறுபடி உயர்த்தினார். வலிகாமத்துத் தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் இலங்கையை ஆசியச் சம்பியன் ஆக்கிய அணிகளில் கோல் போட்டார். அவருடைய உயரம் 2.08 மீற்றர். எதிர்வீரசிங்கம் தாண்டிய தடி அவருடைய நெற்றிக்கு வரும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். அனித்தா கோலூன்றிய இடமும், தர்ஜினி முதன்முதலாகப் பந்து போட்ட வளையமும் பள்ளிக்கூட மைதானத்தில்தான் இருந்தன. யாரோ ஒரு ஆசிரியர் வெயிலில் நின்றார்.

பெரிய அரங்கு கட்டினால்தான் வீரர் வருவார்கள் என்று மேடைகளில் பேசுகிறார்கள். கட்டட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அரங்கைத் தேடிப் பஸ் ஏறிப் போகாது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட மூலையில் ஒரு குழி வேண்டும், பக்கத்தில் நின்று "இன்னும் ரண்டு அங்குலம் உயர்த்துவமோ?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். கிங்ஸ்பேர்க்குக்கும் பெரியவிளானுக்கும் இந்த ஒன்றில் வித்தியாசம் இல்லை.

வரும் தை மாதம் மறுபடி இல்லப் போட்டி வரும். தீவகத்திலும் வலிகாமத்திலும் படிப்பிக்கிற ஆசிரியர்மாரிடமும், கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் இருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காசு அனுப்புகிற பழைய மாணவரிடமும் இரண்டு காரியம் கேட்கிறேன். எருக்கலையைப் பிடுங்கி, குழியை வெட்டி, சிப்பி அரித்த மணலால் நிரப்புங்கள். மைதானத்தைப் பார்த்த சுவரில், தரையிலிருந்து 2 மீற்றரும் 3 சென்ரிமீற்றரும் அளந்து ஒரு கோடு கீறி, பக்கத்தில் எழுதுங்கள்: நா. எதிர்வீரசிங்கம், தோக்கியோ, 1958. பச்சைப் பெயின்ற் என்னிடம் இன்னும் அரைத் தகரம் இருக்கிறது. கேட்டு வருகிற பள்ளிக்கூடத்துக்குத் தருவேன்.